சட்டமா அதிபர் ஐயாவுக்கு, மட்டக்களப்பில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் இருந்து

ஐயா,

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு சின்னக் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, லமினேட், ரீலோட், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, சிங்களத்தில் வரும் கடிதத்தை வாசித்து அர்த்தம் சொல்வது, இதுதான் பிழைப்பு. சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் சட்டத்தின் பின்னால் அலைகிற சனத்தின் பேப்பர்கள் எல்லாம் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் என் மெஷினுக்குள் போய்த்தான் வரும். அப்படி வருகிற ஒரு பைலைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

உயிர்த்த ஞாயிறன்று எங்கள் ஊர் சியோன் தேவாலயத்தில் வெடித்த குண்டில் மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மா 2019 நடுப்பகுதியில் இருந்து என் கடைக்கு வருகிறார். ஒரு சொப்பிங் பேக்குக்குள் பைல். அதற்குள் மரண அத்தாட்சிப் பத்திரம், கிராம சேவகர் கடிதம், பொலிஸ் பதிவின் பிரதி, பிறகு இந்த ஆணைக்குழுவுக்கு ஒன்று, அந்த அலுவலகத்துக்கு ஒன்று என்று எழுதிய கடிதங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன அட்டை இருக்கும், ஞாயிறு பாடசாலையில் பிள்ளைக்குக் கொடுத்த வேதவசன அட்டை. அதற்குக் கொப்பி தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதை முதலில் எடுத்து, கவுண்டரில் ஈரம் இல்லாத இடம் பார்த்து வைத்துவிட்டுத்தான் மற்றப் பேப்பர்களை என் கையில் தருவார். வேலை முடிந்ததும் அட்டையைத்தான் முதலில் உள்ளே வைப்பார்.

மரண அத்தாட்சிப் பத்திரத்தின் மூலப் பிரதியை எங்கேயோ ஒரு அலுவலகத்தில் வாங்கி வைத்துவிட்டார்களாம், திருப்பித் தரவில்லை. அதனால் கொப்பியில் இருந்து கொப்பி. முதல் வருடம் அந்த ரப்பர் முத்திரையில் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருந்தது. இப்போது அது ஒரு கறுப்பு வட்டம் மட்டும்தான். புதிதாக ஒன்று எடுக்கலாம் அம்மா என்று சொல்லி அதற்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவருக்கு அந்தப் பேப்பர் அவ்வளவு முக்கியமில்லை. காசைக் கொடுத்துவிட்டுப் போகும்போது எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: "மறுகா என்ன நடந்த தம்பி, கேஸ்?"

எனக்குப் பதில் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஆள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2019 ஏப்ரல் 21 எங்கள் ஊரில் எப்படி விடிந்தது என்று உங்கள் திணைக்களத்துப் பைல்களில் இருக்கும். ஆனாலும் நான் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணி தாண்டி இருக்கும், சத்தம் கேட்டது. ட்ரான்ஸ்போமர் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தோம். கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோவிலிலும் ஹோட்டல்களிலும் குண்டு என்று போனில் செய்தி வந்துகொண்டிருந்த நேரம் அது. எங்கள் ஊருக்குக் குண்டோடு வந்த மனிதன் முதலில் புனித மரியாள் பேராலயத்துக்குத்தான் போனான், அங்கே பூசை முடிந்திருந்தது, பிறகு சியோனுக்கு வந்தான் என்று பிறகு சொன்னார்கள். சியோனில் ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வளவுக்குள் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதுகில் பையோடு வந்தவனைச் சபையைச் சேர்ந்த ஒருவர் வாசலில் மறித்துக் கதை கொடுத்து உள்ளே விடாமல் வைத்திருந்தார். அவரும் போய்விட்டார். அவர் மறிக்காமல் விட்டிருந்தால் நிறைந்திருந்த மண்டபத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. 31 பேர். அதில் 14 பேர் பிள்ளைகள், அவர்கள் சாப்பிட்டு முடிக்கவில்லை. நான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுக்கிற வரிசையில் நின்றேன். வாசலில் கழற்றிக் குவித்த செருப்புகளுக்குள் சின்னச் செருப்புகளைப் பார்க்கக்கூடாது என்று தலையைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

நாடு முழுக்க 260க்கும் மேற்பட்ட உயிர்கள். ஆறு வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது.

இந்த நாட்டில் விசாரணை நடக்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. நடந்த விசாரணைகளின் பெயரை எழுதினாலே ஒரு பக்கம் வரும். அப்போது ஜனாதிபதியாக இருந்த சிறிசேன உடனேயே ஒரு குழு போட்டார். பாராளுமன்றத் தெரிவுக்குழு 2019 ஒக்டோபரில் அறிக்கை கொடுத்தது. ஐந்து பேர் கொண்ட ஜனாதிபதி ஆணைக்குழு நானூறுக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு 2021 பெப்ரவரியில் அறிக்கையைக் கையளித்தது. அந்த அறிக்கையைப் படிக்க இன்னொரு குழு. பிரித்தானியத் தொலைக்காட்சி சனல் 4 காட்டியதைப் பார்க்க இன்னொரு குழு. இப்போதைய ஜனாதிபதி 2025 ஏப்ரலில் ஆணைக்குழு அறிக்கையைத் திரும்பவும் சிஐடியிடம் கொடுத்தார். ஒவ்வொரு குழு வரும்போதும் அந்த அம்மா ஒரு கடிதம் எழுதுவார், நான் டைப் பண்ணுவேன், ரெஜிஸ்டர் தபாலில் போகும். ரசீதுகளையும் பைலில் வைத்திருக்கிறார். அவையும் மங்கிவிட்டன.

சரி, வழக்குகளுக்கு வருவோம், அதுதான் உங்கள் பக்கம்.

தாக்குதலைத் திட்டமிட்டவர்களில் ஒருவர் என்று சொல்லப்படும் நௌபர் மௌலவி உட்பட 25 பேருக்கு எதிராக 23,270 குற்றச்சாட்டுகளை உங்கள் திணைக்களம் 2021இல் தாக்கல் செய்தது. எண்ணைக் கேட்டவுடன் எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. ஆனால் ஐயா, இருபத்துமூவாயிரம் குற்றச்சாட்டை எத்தனை வருடத்தில் கேட்டு முடிப்பது? பிள்ளையைப் பறிகொடுத்தவர்களில் வயதானவர்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பறிகொடுத்த தாத்தாமார் இருக்கிறார்கள். தீர்ப்பைக் கேட்க அவர்கள் இருக்க வேண்டாமா?

மற்ற வழக்கு, தடுத்திருக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டவர்கள் பற்றியது. முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவுக்கும் பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோவுக்கும் எதிராக ஆளுக்கு 855 குற்றச்சாட்டுகள். 2022 பெப்ரவரி 18இல் கொழும்பு மேல் நீதிமன்றம், எதிர்த்தரப்புச் சாட்சியத்தை அழைக்காமலே இருவரையும் விடுவித்தது. நீங்கள் மேன்முறையீடு செய்தீர்கள், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் மெஷினுக்கு டோனர் மாற்றுவது போல நின்றேன்.

பிறகு 2023 ஜனவரி 12. உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களில் தீர்ப்புச் சொன்னது. மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி, பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவைக்குப் பொறுப்பாக இருந்த நிலந்த ஜயவர்தனவும் ஏழரைக் கோடி வீதம், ஹேமசிறி பெர்னாண்டோ ஐந்து கோடி, தேசிய புலனாய்வுத் தலைவராக இருந்த சிசிர மெண்டிஸ் ஒரு கோடி ரூபாய். சொந்தக் காசில் கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். ஒரு முன்னாள் ஜனாதிபதியைப் பார்த்து, உன் கடமையில் தவறினாய் என்று இந்த நாட்டின் நீதிமன்றம் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அந்த நீதியரசர்களுக்கு எங்கள் நன்றி எப்போதும் உண்டு. முன்னாள் ஜனாதிபதி தவணை முறையில் கட்ட அனுமதி கேட்டார், கடைசியில் 2024 ஆகஸ்டில் கட்டி முடித்தார். நிலந்த ஜயவர்தன 2025 ஜூலையில் சேவையில் இருந்து நீக்கப்பட்டார்.

ஆனால் அது நட்டஈட்டுத் தீர்ப்பு. "காசு கட்டிட்டாங்களாம், அப்ப கேஸ் முடிஞ்சதா?" என்று அந்த அம்மா கேட்டார். இல்லை அம்மா, அது வேறு, குற்ற வழக்கு வேறு என்று விளக்கினேன். விளங்கியதா தெரியாது. எனக்கே அந்த வித்தியாசம் சில நேரம் விளங்குவதில்லை. கடமை தவறியது உண்மை என்று நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் சொல்லியிருக்கும்போது, அதே ஆட்களில் யார் மீது குற்ற வழக்கு, யார் மீது இல்லை, ஏன் இல்லை என்று யாராவது எங்களுக்கு ஒரு பக்கக் கடிதத்தில் சொல்ல வேண்டாமா? ஆணைக்குழு தன் அறிக்கையில் முன்னாள் ஜனாதிபதி மீது குற்றவியல் நடவடிக்கை எடுப்பதைப் பரிசீலிக்கும்படி சட்டமா அதிபரிடம்தான் சொன்னது. பரிசீலித்தீர்களா? முடிவு என்ன?

என்ன எச்சரிக்கை இருந்தது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். இந்தியப் புலனாய்வில் இருந்து ஏப்ரல் 4இலேயே தகவல் வந்துவிட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர், குண்டுதாரிகளின் தலைவனான சஹ்ரானின் பெயரைப் போட்டு, தேவாலயங்கள் இலக்காகலாம் என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் போனது அமைச்சர்களையும் பிரமுகர்களையும் பாதுகாக்கிற பிரிவுகளுக்கு. ஒரு அமைச்சரின் அப்பாவுக்கே விசயம் தெரிந்திருந்தது, கோவிலுக்குப் போகாதே என்று மகனுக்குச் சொன்னாராம், அமைச்சரே பிறகு அதை வெளியில் சொன்னார். சியோன் சபைப் போதகருக்கு ஒரு கோல் எடுக்க ஆள் இருக்கவில்லை. 17 நாள் இருந்தது ஐயா. பதினேழு நாளில் ஒரு கான்ஸ்டபிளை ஒரு கேற்றில் நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் நான் உங்களுக்கு எழுதுவதன் முக்கியமான காரணம் அந்த 17 நாள் கூட இல்லை. அதற்கு முன்னால் நடந்தது. அதைக் கொழும்பில் பெரிதாகக் கதைப்பதில்லை, எங்களுக்குத்தான் அது தொண்டையில் முள்.

2018 நவம்பர் கடைசி இரவு ஒன்றில் வவுணதீவுச் சோதனைச் சாவடியில் கடமையில் இருந்த இரண்டு பொலிஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களுடைய துப்பாக்கிகள் கொண்டுபோகப்பட்டன. வவுணதீவு என்பது எங்கள் ஊருக்கு வாவியின் மறுகரை, பாலம் கடந்தால் வந்துவிடும். மாவீரர் நாள் முடிந்து இரண்டு மூன்று நாள்தான். உடனே பழைய புலி இயக்கக்காரர் வேலை என்று ஒரு முடிவு. புனர்வாழ்வு பெற்று வந்து, கூலி வேலை செய்துகொண்டு பிள்ளைகளோடு இருந்த ஒரு மனிதனைப் பிடித்துப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போட்டார்கள். கொன்றது சஹ்ரானின் ஆட்கள் என்று தெரிய வந்தது எப்போது? ஏப்ரல் 21க்குப் பிறகு. அந்த மனிதன் மே மாதம்தான் வெளியே வந்தார்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டு பொலிஸ்காரரின் கொலையை ஒழுங்காக விசாரித்திருந்தால், தமிழன், பழைய போராளி, முடிந்தது கதை என்று கோட்டைக் கீறி வைக்காமல் தடயத்தின் பின்னால் போயிருந்தால், டிசம்பரிலேயே சஹ்ரானின் ஆட்களிடம் போயிருக்கலாம். டிசம்பர் கடைசியில் மாவனல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தார்கள். ஜனவரியில் புத்தளம் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிமருந்து பிடிபட்டது. ஏப்ரல் 16இல், சம்பவத்துக்கு ஐந்து நாள் முன்னால், காத்தான்குடிக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வெடிக்கவைத்து ஒத்திகை பார்த்தார்கள். அதுவும் எங்கள் பக்கத்தில்தான். இதில் எந்த ஒன்றையும் இழுத்திருந்தால் மற்றது வந்திருக்கும். பிழையான ஆளை உள்ளே வைத்திருந்த ஐந்து மாதமும் சரியான ஆட்களுக்குக் கிடைத்த ஐந்து மாதம்.

வவுணதீவு விசாரணையை யாராவது வேண்டுமென்று திசை திருப்பினார்களா, இல்லை பழக்கதோசத்தில் அப்படியே போனதா? திசை திருப்பினார்கள் என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. உண்மையா பொய்யா என்று நீதிமன்றத்தில்தான் தெரிய வேண்டும். ஆனால் அந்தக் கொலை வழக்கை உயிர்த்த ஞாயிறு வழக்கின் ஒரு ஓரத் துண்டாக வைக்காமல் முதல் பக்கமாக வைக்க வேண்டும். நான் கேட்பதில் முதலாவது இதுதான். அந்த இரண்டு பொலிஸ்காரருக்கும் வீடு இருக்கிறது, அவர்களுக்காக அழுத சனம் இருக்கிறது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

சூத்திரதாரி யார் என்பதில் நான் உங்களை விடத் தெரிந்தவன் போலக் கதைக்கப் போவதில்லை. அமெரிக்காவின் எப்பிஐ நௌபர் மௌலவியைக் காட்டுகிறது. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அதற்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள் என்கிறார். கிழக்கின் முன்னாள் முதலமைச்சர் பிள்ளையானின் பேச்சாளராக இருந்த அசாத் மௌலானா 2023இல் சனல் 4இல், புலனாய்வு அதிகாரி ஒருவருக்குச் சஹ்ரானின் ஆட்களோடு தொடர்பு இருந்தது என்று சொன்னது பெரிய குற்றச்சாட்டு, அவர் பெயர் சொன்ன, அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்த சுரேஷ் சலே மறுத்திருக்கிறார். ஆனால் உங்கள் நாற்காலியில் இருந்த தப்புல டி லிவேரா, ஓய்வு பெறப் போகும் நேரத்தில், 2021 மே மாதம், இதற்குப் பின்னால் ஒரு பெரிய சதி இருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார். 2024 மார்ச்சில் முன்னாள் ஜனாதிபதி சிறிசேன, செய்தது யார் என்று எனக்குத் தெரியும் என்றார். கடையில் நின்று கதைக்கிற நாங்கள் சொன்னால் அது வதந்தி. நாட்டின் சட்டமா அதிபரும் ஜனாதிபதியுமாக இருந்தவர்கள் சொன்னால் அது சாட்சியம். அந்தச் சாட்சியம் எந்த நீதிமன்றத்தில், எந்தத் திகதியில் சத்தியம் பண்ணிச் சொல்லப்படும்?

அப்புறம் ஒரு விசயம். நீதி நடக்கவில்லை என்றால் வேறு ஏதோ ஒன்று அந்த இடத்தில் நடக்கும், நடந்தது. 2019 மே மாதம் குருணாகல், மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம் ஆட்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் அடித்து நொறுக்கப்பட்டன. சஹ்ரானைப் பற்றி 2019க்கு முன்பே பொலிஸில் முறையிட்டது காத்தான்குடி முஸ்லிம் சனம்தான், 2017இல் அலியார் சந்தியில் அவனுடைய ஆட்களிடம் அடிவாங்கியதும் அவர்கள்தான். அப்படி இருந்தும் பிறகு ஊர் முழுக்கச் சந்தேகத்தைச் சுமந்தது. மன்னார் மாவட்டத்து இளம் கவிஞர் ஒருவரைத் தமிழில் எழுதிய கவிதைப் புத்தகத்துக்காக ஒன்றரை வருடத்துக்கும் மேல் உள்ளே வைத்திருந்தார்கள், 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது. கணவனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரு சகோதரியும் அந்த நாட்களில் என் கடைக்குக் கடிதம் எழுத வருவார். ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள், சியோன் அம்மாவும் அந்தச் சகோதரியும். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்தச் சகோதரி எழும்பி, கடையில் இருந்த ஒரே கதிரையை அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா உட்கார்ந்து, அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. மெஷின் சத்தம் மட்டும்தான்.

கர்தினால் ஆண்டகை இந்த விடயத்தை விடாமல் பிடித்திருப்பதற்கு நாங்களும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் சியோன் கத்தோலிக்கக் கோவில் இல்லை, அது ஒரு சுயாதீன சபை. கொழும்பில் அதற்காக மைக் பிடிக்க ஒரு ஆண்டகை இல்லை. எந்த மேடையிலும் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, அதற்குப் பிறகு மூச்சு விட்டு "மட்டக்களப்பு" என்று சொல்வார்கள், சில நேரம் அதுவும் வராது. வழக்கு கொழும்பில் நடக்கிறது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், இரவு பஸ்ஸில் போய், காலையில் முகம் கழுவ இடம் தேடி, நீதிமன்ற வாசலில் நின்றால் தவணை போட்டுவிட்டார்கள் என்று சிங்களத்தில் சொல்வார்கள். அன்றைய கூலியும் போய், பஸ் காசும் போய். எங்கள் ஆட்கள் போகாமல் விட்டதற்குக் காரணம் அக்கறை இல்லாதது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஐயா, உங்கள் திணைக்களத்தின் மீது எங்களுக்கு இருக்கும் பயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் குண்டுதாரி முதலில் போனதாகச் சொல்கிற மரியாள் பேராலயத்துக்குள்தான் 2005 நத்தார் ஆராதனையில், நற்கருணை வாங்கிவிட்டு நின்ற ஜோசப் பரராஜசிங்கம் எம்பியைச் சுட்டுக் கொன்றார்கள். கோவிலுக்குள், எல்லோரும் பார்த்திருக்க. 2021 ஜனவரியில் அந்த வழக்கைத் தொடர்ந்து நடத்தப் போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு சொன்னது, எல்லோரும் விடுதலையானார்கள். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் கொன்றதற்கும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்டவர்களுக்கும் இன்றுவரை ஒரு தண்டனை இல்லை. எங்கள் மாவட்டத்தில் கும்பிடப் போன இடத்தில் செத்த தமிழருக்கும் நீதி இல்லை, முஸ்லிமுக்கும் இல்லை. சியோன் பைலும் அந்த அலுமாரிக்குள் போய்விடுமோ என்பதுதான் பயம்.

நான் கேட்பது பெரிய விசயம் ஒன்றும் இல்லை. ஆணைக்குழு பெயர் சொன்ன ஒவ்வொரு ஆளைப் பற்றியும் வழக்குப் போடுகிறீர்களா இல்லையா என்று, போடாவிட்டால் ஏன் என்று, ஒரு திகதியைப் போட்டு எழுதுங்கள். 25 பேரின் வழக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன நடந்தது என்று உறவினர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். வருடத்தில் ஒரு தடவை உங்கள் சட்டவாதி ஒருவர் மட்டக்களப்புக்கு வந்து, கச்சேரி மண்டபத்திலோ சபை மண்டபத்திலோ இருந்து, இந்தக் குடும்பங்களின் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். கதிரை நாங்கள் போடுவோம்.

அந்த அம்மா போன கிழமையும் வந்தார். இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன், பெயர் போடவில்லை என்று சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு திருத்தம்தான் சொன்னார்: பிள்ளைகள் 14 பேர் என்று எழுதியிருக்கிறாய் தம்பி, அதற்குப் பக்கத்தில் அவர்கள் சாப்பிட்டு முடிக்கவில்லை என்றும் எழுது என்றார். எழுதிவிட்டேன்.

பதில் போட்டால் தமிழில் போடுங்கள் ஐயா. என்னிடம் கொண்டுவராமல் அவரே வாசிக்கக்கூடியதாக.

இப்படிக்கு,
மட்டக்களப்பில் இருந்து ஒரு கடைக்காரன்